ஒரே மாதத்தில் இரு அறிவுரை: தடுப்பூசித் தயக்கத்தின் வேர்

புது தில்லி: முடக்குவாதம், குடல் அழற்சி போன்ற நாள்பட்ட நோய்களுக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் கரோனா தடுப்பூசிக்குத் தயங்கியதற்கு அறியாமை மட்டுமே காரணம் எனக் கூறிவிட முடியாது.

அவர்களுக்கும் தடுப்பூசி போடலாம், பலன் சற்றுக் குறையக்கூடும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜனவரி 14-இல் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. ஜனவரி 16-இல் பணி தொடங்கிய சில நாள்களிலேயே, அத்தகையோர் கோவேக்ஸினைத் தவிர்க்குமாறு பாரத் பயோடெக் நிறுவனத்தின் தகவல் குறிப்பு அறிவுறுத்தியது. மார்ச் 1-இல், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளும் 45 வயதைக் கடந்தோரை அரசு முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எதை நம்புவது? இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் போன்ற ஏலத் தோட்டப் பகுதிகளில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களுக்கு, நிபுணரிடம் சென்று ஐயம் தீர்ப்பது ஒரு நாள் கூலியை இழக்கும் பயணம்.

கூடுதல் தவணையிலும் தாமதமே. எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு அமெரிக்கா 2021 ஆகஸ்டிலேயே அதை அனுமதித்தது. இந்தியாவில் 2022 ஜனவரி 10-இல் முன்னெச்சரிக்கைத் தவணை தொடங்கியபோது, நோயாளிகளில் 60 வயதைக் கடந்தோரே தகுதி பெற்றனர்.

கோவேக்ஸினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் நோய் தொற்றாது. பலன் குறையலாம் என்பது வேறு, ஆபத்து என்பது வேறு. இந்த வேறுபாட்டை அரசும் நிறுவனமும் ஒரே குரலில் விளக்காதவரை, அடுத்த தொற்றிலும் தயக்கம் அகலாது.