பழைய இடியன் துவக்கு: எடுக்கலாமா, விடலாமா?

புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு, எழுவன்குளம் என்று வில்பத்துக் காட்டோரமாகப் போகப் போக, பயிரைக் காக்க ஒரு துவக்கு வேண்டும் என்ற பேச்சு காதில் விழும். பன்றி புகுந்தால் ஒரே இரவில் மரவள்ளிப் பாத்தி முழுவதையும் கிளறிப் போட்டுவிடும். தோட்டாத் துவக்கு வாங்கப் பணம் காணாதவருக்கு முதலில் ஞாபகம் வருவது, வாய்ப்பக்கமாக மருந்து போட்டு இடித்துச் சுடும் இடியன்தான். கைமாறுவதோ பெரும்பாலும் அப்பா, பாட்டன் காலத்துப் பழசு. அப்படி ஒன்றை யாராவது உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தால் கடதாசியையும் குழலின் அடிப்பக்கம் ஒரு சாணையும் பாருங்கள். மற்றப் பழுதுகளைத் திருத்தலாம். இந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் திருத்த வழியில்லை.

முதலில் கடதாசி. இலங்கையில் துவக்கு விடயத்தை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம். உரிமம் இல்லாமல் துவக்கை வைத்திருப்பதே குற்றம். அது இடியன்தானே, பழசுதானே, சுடவே மாட்டேனே என்பதெல்லாம் வழக்கில் நிற்காது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது ஆளின் பெயருக்குக் கொடுக்கப்படுவது. தகப்பன் இறந்தால் துவக்கோடு சேர்ந்து மகனுக்கு வந்துவிடாது. ஆகவே விற்கிறவரிடம் இந்த ஆண்டின் உரிமத்தைக் கேளுங்கள். அதில் உள்ள இலக்கமும் இரும்பில் வெட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இலக்கத்தை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், மாவட்டச் செயலகத்திலும் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் விசாரித்து, உங்கள் பெயருக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் காசு கை மாற வேண்டும். முற்பணமும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, துவக்கு வெறுமையா என்பது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது, அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் முட்டும் வரை மெதுவாக இறக்கி, வாய் விளிம்பு வரும் இடத்தில் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவில் வைத்தால் அதன் நுனி, கேப் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் முளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். மூன்று நான்கு விரற்கடை குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே எண்ணுங்கள். இந்த அளவு முடியும்வரை உங்கள் முகமோ கையோ குழலின் வாய்க்கு நேரே வரக்கூடாது. கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை ஆண்டானாலும் சாகாது. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலத்து பீரங்கிக் குண்டொன்றைத் துப்புரவு செய்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். அந்த மருந்துக்கு 140 வயதுக்கு மேல். உள்ளே மருந்து இருக்கும் துவக்கைச் சுட்டுக் காலியாக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். தொழில் தெரிந்த, அனுமதி பெற்ற கைவினைஞர் எடுக்கட்டும்.

இனிக் குழல். கருமருந்தில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் சாம்பலும் உப்புமாக மிஞ்சும்; அதில் ஒரு பகுதி குழலுக்குள்ளேயே படியும். அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட், புத்தளம் உப்பளத்தில் விளையும் உப்புக்குப் பங்காளி. போதாததற்கு நமது கரையில் வீசும் உப்புக்காற்று வேறு. சுட்ட துவக்கை அன்றைக்கே கழுவாமல் மூலையில் சாத்தினால் துரு முதலில் பிடிப்பது மருந்து எரியும் இடமான குழலின் அடியைத்தான். வெடிக்கும்போது அழுத்தம் மிகுதியாக ஏறுவதும் அதே இடத்தில்தான். இரும்பு எங்கே தடிப்பாக இருக்க வேண்டுமோ அங்கேதான் அது அரிக்கப்படுகிறது. வெளியே தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளப்பாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வெளிப் பளபளப்பை நான் கணக்கில் எடுப்பதேயில்லை.

அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது? வெறுமை என்று உறுதியான பிறகு, குழலுக்குள் இறங்கக்கூடிய சின்ன மின்விளக்கை நூலில் கட்டி அடிவரை இறக்குங்கள். வாய்க்கு அருகில் கொஞ்சம் செம்மண் நிறத்தில் துரு இருந்தால் பரவாயில்லை, தேய்த்தால் போகும். அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் அந்தத் துவக்கு சுடுவதற்கு இல்லை. பிறகு எண்ணெய் தொட்ட துணியைக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, வாயிலிருந்து அடிவரை ஒரே சீராகத் தள்ளுங்கள். ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் துரு. திடீரென்று தளர்ந்து மீண்டும் இறுகினால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. குண்டு மருந்தின்மேல் போய் அமராமல் இடைவெளி விட்டு நின்றபோது யாரோ சுட்டிருக்கிறார்கள். ஒருமுறை உப்பிய குழல் அடுத்த முறை பிளக்கலாம். குழலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்து வெளிச்சத்தில் மெல்ல உருட்டினாலும் உப்பல் நிழலாகத் தெரியும். அடியை மூடியிருக்கும் திருகாணியைச் சுற்றிக் கறுப்பாகப் புகைக் கசிவு இருக்கிறதா, கேப் வைக்கும் முளையின் கால் அரித்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். முளையை மாற்றலாம். அது உட்காரும் புரி தேய்ந்திருந்தால் செலவு கூடும், நம்பிக்கை குறையும்.

குழலின் உள்ளே நீளவாட்டில் ஒரு தையல்கோடு தெரிகிறதா என்று கட்டாயம் தேடுங்கள். தெரிந்தால் அது துவக்குக்கென்று செய்த குழல் இல்லை, தண்ணீர்க்குழாயில் செய்தது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

உள்ளே முறுக்கிச் செல்லும் பள்ளங்கள் இருந்தால்தான் அது ரைபிள். பிரித்தானியப் படையின் 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு ரைபிளுக்கு மூன்று பள்ளங்கள், குழல் வாயின் விட்டம் 0.577 அங்குலம், குழலின் நீளம் 39 அங்குலம். பள்ளம் இல்லாத என்ஃபீல்டைக் கண்டால் தேய்ந்து அழிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரர் பள்ளம் இல்லாத துவக்கையே கொடுத்தார்கள். அப்படியே செய்த குழல் உள்ளே ஒரே வழுவழுப்பாக இருக்கும். தேய்ந்த குழலில் பள்ளத்தின் மிச்சம் அங்கங்கே மங்கலாகத் தெரியும். பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சோதனைச்சாலையின் முத்திரை குழலில் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது முத்திரை குத்திய நாளின் பலத்துக்குத்தான் சாட்சி.

விசைப் பொறியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கேப் வைக்காமல், அதை அடிக்கும் குதிரையைப் பாதிவரை இழுத்து நிறுத்தி, விரலை அதிலேயே வைத்துக்கொண்டு விசையை அழுத்துங்கள், குதிரை விழக்கூடாது. முழுவதும் இழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து பெருவிரலால் தள்ளுங்கள், அப்போதும் விழக்கூடாது. விழுந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. நல்ல கைவினைஞர் சரிசெய்வார். அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள். மரச் சோங்கில் கைப்பிடி மெலியும் இடத்தில்தான் வெடிப்பு வரும். கம்பி சுற்றியோ பித்தளைத் தகடு அடித்தோ இருந்தால் அதன் கீழே வெடிப்பு இருக்கிறது.

சோங்கில் வேறு அடையாளங்களும் இருக்கலாம். மரத்தோடு சேர்த்துக் கட்டிய தடம், காரணமில்லாத ஆணித்துளை, விசையில் கம்பி உராய்ந்த கோடு, ஒரே பக்கமாக மழை குடித்த துரு. இவை கட்டுத்துவக்காக, அதாவது கம்பி தட்டினால் தானே வெடிக்கும் பொறியாக, காட்டில் கிடந்ததற்கான அறிகுறிகள். கட்டுத்துவக்கு யானையையும் பன்றியையும் மட்டுமல்ல, விறகுக்குப் போகும் மனிதரின் காலையும் உடைக்கிறது. அப்படிப்பட்ட துவக்குக்குப் பணம் கொடுத்தால் அந்தத் தொழிலுக்கே பணம் கொடுத்ததாகும்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். யானைக்கு என்றால் வேண்டவே வேண்டாம். இடியனின் சன்னம் யானையைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும். காயம் சீழ்பிடித்த யானை ஊருக்குள் இன்னும் மூர்க்கமாக வரும். வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானைவெடியும் மின்வேலியும் இதைவிட மேல். பன்றிக்கு என்றால், கருமருந்து 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருவதால் அதற்கும் அனுமதி வேண்டும் என்பதை விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தோட்டாவை உடைத்து எடுக்கும் புகையில்லா மருந்தை இடியனில் போட்டால், எவ்வளவு நல்ல குழலும் கையிலேயே சிதறும்.

பூட்டு இடப்பக்கமாக அமைந்த, சித்திர வேலை செய்த மிகப் பழைய துவக்கு கிடைத்தால் சுடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது கண்டி அரசர் காலத்துச் சிங்களக் கொல்லரின் வேலையாக இருக்கலாம். தொல்பொருள் திணைக்களத்திடம் காட்டாமல் அதை வாங்கவும் விற்கவும் கூடாது.

எல்லாம் தேறி, உரிமமும் உங்கள் பெயருக்கு வந்து வீட்டுக்குக் கொண்டுபோனால், சுட்ட ஒவ்வொரு நாளும் குழலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான், எண்ணெய் அல்ல. சூட்டிலேயே உலர்ந்ததும் துணியால் துடைத்து, அதற்குப் பிறகு எண்ணெய் பூசி, வாயைக் கீழே பார்க்க வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.