காலடியில் அடைபட்ட காற்று

"வீட்டுக்குள்ளயுமா செருப்பு போடணும்?" சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தே பழகிய கால்கள். பூஜை அறைப் பக்கம் எப்படி, அடுப்படியில் எப்படி என்று பெரியவர்களுக்கு ஆயிரம் தயக்கம். எங்கள் அத்தை தனக்கு எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகிற அன்று மட்டும் எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். வீட்டில் போடச் சொன்ன செருப்பு அது.

போட்டுக்கொள்கிறவர்களும் அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தெருவுக்குப் போகாத செருப்பில் என்ன அழுக்கு வந்துவிடும் என்ற நினைப்பு. ஆனால் ஒரு நாளில் அதிக நேரம் காலில் கிடப்பதும், குளியலறை ஈரம், சமையலறை எண்ணெய், காலில் தடவிய தைலம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதும் இந்த வீட்டுச் செருப்புதான்.

அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிய, முதலில் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். தேய்ந்துபோன பழைய ரப்பர் செருப்பு ஒன்றின் ஓரத்தை பிளேடால் சீவி, வெட்டிய இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டி அறைகள் தெரியும். ரப்பரோடு, சூடேறினால் வாயுவை வெளிவிடும் ஒரு தூளையும் கந்தகத்தையும் கலந்து அச்சில் வைத்துச் சூடாக்குகிறார்கள். தூள் வாயுவை விட, ரப்பர் தோசை மாவு போலப் பொங்குகிறது. அதே சூட்டில் கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால் பொங்கிய வடிவம் அப்படியே நிலைத்துவிடுகிறது. ஒவ்வொரு குமிழியும் நாலு பக்கமும் அடைத்த அறை. எம்.சி.ஆர். என்பதன் விரிவு மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது நுண்ணறை ரப்பர். குளியலறைக்கென்று விற்கும் எடையே இல்லாத வண்ணச் செருப்புகள் ஈ.வி.ஏ. என்ற வேறு பொருளால் ஆனவை. ஆனால் அவற்றிலும் இதே குமிழி வேலைதான்.

கால் அழுத்தும்போது இந்தக் காற்று நசுங்கி இடம் கொடுக்கிறது. எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒரு பொருளின் கெட்டித்தன்மையை அளக்க ஷோர் என்று ஓர் அளவுகோல் உண்டு. வாகன டயரின் ரப்பர் அதில் ஏறத்தாழ 60 முதல் 70 வரை இருக்கும். பாதத்துக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். சுமார் 15தான்.

இந்த மென்மைக்கு வேலூர் மாவட்டத்தில் ஒரு கதை உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் ஆறாத புண் ஏன் வருகிறது என்பது அவரைத் துளைத்த கேள்வி. சதை அழுகிப்போவதற்கு நோய்க்கிருமியே நேரடிக் காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. வலி தெரியாததுதான் காரணம் என்று அவர் கண்டார். நமக்கெல்லாம் ஓரிடத்தில் அழுத்தினால் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்வு மரத்த பாதம் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை ஊன்றி ஊன்றித் தன்னையே புண்ணாக்கிக்கொள்கிறது. அப்படியானால் மருந்து புட்டியில் இல்லை, காலடியில் இருக்கிறது. 1950களில் அவரும் வேலூர், கரிகிரி மருத்துவமனைகளின் குழுவினரும் செருப்புக்கான பொருள்களைத் தேடித்தேடிச் சோதித்து இந்த நுண்ணறை ரப்பரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கும் அதே ஆபத்து என்பதால் இன்று அவர்களுக்கும் அதே செருப்பு.

ஆக, இதன் பராமரிப்பு என்பது உள்ளே அடைபட்ட காற்றைக் காப்பாற்றுவதுதான்.

தண்ணீரால் குமிழிக்கு ஆபத்தில்லை. மூடிய அறைக்குள் அது போகாது. ஆபத்து பசைக்கு. எம்.சி.ஆர். செருப்பில் மேலே மென்மையான அடுக்கு, கீழே தரையில் உராயும் கெட்டி ரப்பர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே பசை. செருப்புத் தைப்பவர்கள் 'சொல்யூஷன்' என்பார்களே, அதுதான். ஆணி அடிக்கக் கூடாது என்பதால் பசையை நம்பியே மொத்தச் செருப்பும் நிற்கிறது. வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் ஓரம் வாய் பிளக்கத் தொடங்கும். ஈரத் துணியால் துடைத்து, அழுக்கு ஏறிய இடத்தை மட்டும் பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். ஒரே வார்ப்பாக வரும் ஈ.வி.ஏ. செருப்பைத் தாராளமாகக் குழாயடியில் கழுவலாம். எம்.சி.ஆர். செருப்பின் வெட்டுப்பட்ட ஓரங்களில் மட்டும் பாதி அறுந்த குமிழிகள் கிண்ணங்களாய்த் திறந்திருக்கும். அழுக்கு குடியேறுவது அங்கேதான்.

கழுவக் கழுவ வெள்ளையாய்ப் படிகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். செருப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது சோப்போடு சேர்ந்து கரையாத ஏடாகப் படிகிறது. சோப்புக் கட்டிக்குப் பதில் ஷாம்பூவோ துணி துவைக்கும் தூளோ போட்டால் அந்த ஏடு அவ்வளவாக வராது. காய்ந்த உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு. இந்த ஏட்டைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு: அடிப்பக்க வரிப்பள்ளங்களில் அது அடைந்துகொண்டால் ஈர டைல்ஸ் மேல் செருப்பு வழுக்கும். குளியலறைச் செருப்பை வாரம் ஒரு முறையாவது திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதைக் கழிவறை ஆசிட்டோடு மறந்தும் கலந்துவிடக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு.

காய வைப்பதில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறோம். கழுவியதும் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் போட்டுவிடுவது. அந்தச் சூட்டில் ஈ.வி.ஏ. இளகும், குமிழிக்குள் இருக்கும் வாயு கசியும், ஆறியபின் செருப்பு குட்டையாகி நுனி மேலே சுருண்டுவிடும். போன மாதம் சரியாக இருந்த செருப்பு இன்று காலுக்குப் போதவில்லை என்றால் கால் வளர்ந்துவிடவில்லை. ரப்பருக்கு வேறு விதமான கேடு: வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஓசோனும் அதன் இழைகளை அறுத்து வெடிக்க வைக்கும். காற்றோட்டமான நிழலில், சுவரில் சாய்த்து நிறுத்தினால் போதும்.

அடுத்த எதிரி எண்ணெய். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய காலோடு அப்படியே ரப்பர் செருப்பில் ஏறினால், எண்ணெய் ரப்பரின் இழைகளுக்கு நடுவே நுழைந்துகொள்ளும். ரப்பர் உப்பும், தொளதொளத்துப் போகும். தைலம் தடவ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வறண்ட பாதத்துக்கு அது தேவைதான். விரல் இடுக்குகளைத் தவிர்த்துத் தடவி, ஊறியபின் துடைத்துவிட்டுச் செருப்பைப் போடுங்கள்.

இனி நாற்றம். இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வியர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. தோல் பாக்டீரியாக்கள் அதைத் தின்று கழிக்கும் அமிலங்களே நாறுகின்றன. லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியின் பேர்போன வீச்சத்துக்கும் இவற்றின் நெருங்கிய உறவுக்கார பாக்டீரியாவே காரணம். மலேரியா பரப்பும் ஓர் ஆப்பிரிக்கக் கொசு, பாதத்தின் வாடையையும் இந்தக் கட்டியின் வாடையையும் ஒன்றுபோல நாடி வருகிறது என்று காட்டிய பார்ட் நோல்ஸ், ரூர்ட் டி யோங் இருவருக்கும் 2006இல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசே கிடைத்தது. பாக்டீரியாவுக்கும் சேற்றுப்புண் பூஞ்சைக்கும் வேண்டியது ஈரம். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போட்டால், வாசனைத் தெளிப்பானுக்குச் செலவழிக்கும் காசு மிச்சம்.

வெல்க்ரோ பட்டையில் முடியும் நூலும் சிக்கிப் பிடிப்பு விட்டுப்போனால் பழைய சீப்பால் வாரி எடுத்தால் மறுபடி ஒட்டும். அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தும் நம் பழைய வைத்தியத்தை மட்டும் மரத்த காலுக்குச் செய்யாதீர்கள். ஊக்கு திறந்துகொண்டு குத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் குமிழிகள் ஒரு நாள் நசுங்கித்தான் போகும். மேலுக்குச் செருப்பு புதிதாகவே இருக்கலாம், காற்று போயிருக்கும். சோதிப்பது எளிது. குதிகாலும் முன்பாதமும் அழுந்தும் இடத்தில் மேல் அடுக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நசுக்குங்கள். பாதித் தடிமனுக்கு அமுங்கி, விட்டதும் எழும்பினால் நல்லது. அமுங்க மறுத்தாலோ பள்ளமாகவே நின்றாலோ அது இனி வெறும் செருப்பு, மருந்து இல்லை. மாற்றிவிடுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்று இரவே அவர் செருப்பை எடுத்துக் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், அடியில் முள்ளோ குண்டூசியோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நாளைக் காலையில் அவரே அதைச் செய்யும்படி சொல்லிக் கொடுங்கள்.