'மெமரீஸ் ஆஃப் மர்டர்' க்ளைமாக்ஸ்: அந்தக் கடைசிப் பார்வை யாருக்கு?

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி முழுக்க ஸ்பாய்லர்.)

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' முடிந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, மொபைலை எடுத்து 'அப்போ யார்தான்பா கொலைகாரன்?' என்று தேடுவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மழையிலும் சேற்றிலும் அலையவிட்டுவிட்டு, கடைசியில் ஹீரோ கேமராவை உற்றுப் பார்ப்பதோடு படத்தை முடித்தால் கடுப்பாகத்தானே இருக்கும்? 'பாராசைட்' படத்தால் ஆஸ்கர் மேடை ஏறிய போங் ஜூன்-ஹோ, 2003-ல் எடுத்த தென்கொரியப் படம் இது. வெளியாகி இத்தனை வருடம் ஆகியும் ரசிகர்கள் இதன் முடிவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2019-ல் நிஜக் கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் சண்டை ஓயவில்லை.

அந்தக் கடைசிக் காட்சியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். வருடம் 2003. முன்னாள் போலீஸ்காரர் பார்க் டூ-மான் இப்போது ஜூஸ் மெஷின் விற்கிறார். வேலை விஷயமாகப் போகும் வழியில், 1986-ல் முதல் சடலம் கிடைத்த வயலோரம் வண்டியை நிறுத்துகிறார். குனிந்து, கால்வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார். உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு சிறுமி, கொஞ்ச நாளைக்கு முன்னால் இன்னொருவரும் இப்படித்தான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறாள். ரொம்ப வருடத்துக்கு முன்பு இங்கே தான் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்ததாகவும், அதனால் பார்க்க வந்ததாகவும் அந்த ஆள் சொன்னாராம். முகத்தைப் பார்த்தாயா, எப்படி இருந்தது என்று டூ-மான் பதறிக் கேட்கிறார். சாதாரண முகம், எல்லாரையும் போலத்தான் என்கிறாள் சிறுமி. டூ-மான் திரும்பி, கலங்கிய கண்களோடு நேராக நம்மைப் பார்க்கிறார். படம் முடிகிறது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொலையாளி பிடிபடவில்லை, அவன் தியேட்டருக்கு வந்து இந்தப் படத்தைப் பார்க்கக்கூடும், அப்போது போலீஸ்காரரின் கண் அவன் கண்ணை நேருக்கு நேர் சந்திக்கட்டும். இது ரசிகர்கள் கட்டிய கதை இல்லை. தன் நோக்கம் அதுதான் என்று போங் ஜூன்-ஹோவே பேசியிருக்கிறார். அதில் ஓர் அவசரமும் இருந்தது. சியோலுக்குத் தெற்கே உள்ள ஹ்வாசியோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட நிஜ வழக்கு இது. அன்றைய தென்கொரியச் சட்டப்படி, கொலை நடந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டால் வழக்குத் தொடர முடியாது. படம் வந்தபோது முதல் கொலைகளுக்கான கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. கடைசிக் கொலைக்கு மட்டும் மூன்று வருடம் மிச்சம் இருந்தது.

ஆனால், இந்த விளக்கத்தோடு நிறுத்தினால் படத்தின் பாதிதான் கைக்கு வரும். மீதிப் பாதி டூ-மானின் கண்ணில் இருக்கிறது.

கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன்!

படத்தின் தொடக்கத்தில் டூ-மானுக்கு ஒரு பெருமை உண்டு. ஆளின் கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். சந்தேக நபர்களின் போட்டோக்களை நோட்டில் ஒட்டிவைத்து, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மேலதிகாரி ஒருநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் இரண்டு இளைஞர்களைக் காட்டுகிறார். ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்தவன். இன்னொருவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். அவனைப் பிடித்து இழுத்து வந்தவன். 'எங்கே, கண்ணைப் பார்த்துச் சொல்லு, யார் யாரென்று?' டூ-மான் உற்றுப் பார்க்கிறார். நாமும் பார்க்கிறோம். பதில் சொல்லாமலேயே காட்சி நகர்ந்துவிடுகிறது. முதல்முறை பார்க்கும்போது சின்ன ஜோக் மாதிரி கடந்துபோகும் இடம். க்ளைமாக்ஸுக்கான சாவி இங்கேதான் கிடக்கிறது.

கண்ணை நம்பும் அந்த ஸ்டேஷன் என்ன செய்கிறது? மனவளர்ச்சி குன்றிய பேக் குவாங்-ஹோவைப் பிடித்து வந்து முட்டிக்கு முட்டி தட்டுகிறது. உதைக்கும் பூட்ஸ் மீது துணி உறை மாட்டிக்கொண்டு உதைக்கிறார் ஒருவர், தடம் தெரியக் கூடாதல்லவா! அவனுடைய ஷூவை வைத்தே போலித் தடயமும் தயாராகிறது. அவன் கொலைகாரன் இல்லை, கொலையைப் பார்த்த சாட்சி என்பது பின்னால்தான் புரிகிறது. அது புரிவதற்குள் எல்லாம் கைமீறிப் போகிறது. பயந்து ஓடுகிறவன் ரயிலில் அடிபட்டுச் சாகிறான்.

சியோலிலிருந்து வரும் சியோ டே-யூன் இதற்கு நேரெதிர். 'ஆவணம் பொய் சொல்லாது' என்பது அவர் கட்சி. கொலை நடந்த மழை இரவுகளிலெல்லாம் ரேடியோவில் ஒரே பாட்டு ஒலித்திருக்கிறது. அதை விரும்பிக் கேட்டு எழுதியவன் பார்க் ஹியோன்-க்யூ. தப்பிப் பிழைத்த பெண், அவன் கை மென்மையாக இருந்தது என்கிறாள். ஹியோன்-க்யூவின் கையும் அப்படியே. கொலைகள் தொடங்கிய காலத்தில்தான் அவன் அந்த ஊருக்கே வந்திருக்கிறான். போதாதா? தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாம் இந்த இடத்தில் தீர்ப்பே எழுதிவிடுவோம். நடிகர் பார்க் ஹே-இலின் வெளுத்த, உணர்ச்சி காட்டாத முகமும் அதற்குத் துணை போகிறது.

அப்புறம் அந்தச் சுரங்கப்பாதைக் காட்சி. டே-யூன் பேண்டேஜ் ஒட்டிவிட்ட பள்ளி மாணவி கொல்லப்பட்டுவிடுகிறாள். அவள் உடம்பில் அதே பேண்டேஜைப் பார்த்தவர் வெறியாகி, ஹியோன்-க்யூவைத் தண்டவாளத்தில் போட்டு அடிக்கிறார். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து டி.என்.ஏ. முடிவு வருகிறது. அவன்தான் என்று அது உறுதிசெய்யவில்லை. ஆவணத்தையே நம்பிய மனிதர், 'இந்த ஆவணமே பொய்' என்று துப்பாக்கியைத் தூக்குகிறார். தடுக்கும் டூ-மான், ஹியோன்-க்யூவின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணுக்குள் பார்க்கிறார். நீண்ட நேரம். கடைசியில், தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். கூடவே ஒரு கேள்வி: வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? சாங் காங்-ஹோ ஸ்பாட்டில் சேர்த்துப் பேசியதாகச் சொல்லப்படும் இந்த வசனம் கொரியாவில் ஏக பிரபலம். 'சாப்டியா?' என்று கேட்டே பேச்சைத் தொடங்கும் நமக்கு அதன் எடையை விளக்க வேண்டியதில்லை. கொலைகாரனா, அப்பாவியா என்று தெரியாத ஒருவனிடம், அடித்து ஓய்ந்த பிறகு, கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது?

ஆக, கண் தோற்றது; காகிதமும் தோற்றது. இதற்குப் பிறகுதான் 2003-ன் அந்த வயல் வருகிறது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று வாழ்ந்த மனிதருக்கு, கடைசியில் கிடைக்கும் ஒரே துப்பு, 'சாதாரண முகம்'. அப்படியானால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் திரும்பி நம்மைப் பார்ப்பது கொலையாளியைத் தேடி மட்டுமா? ஹியோன்-க்யூவின் முகத்தைப் பார்த்து, 'இவன்தான்' என்று பத்து நிமிடத்துக்கு முன் முடிவுகட்டிய நம்மையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மழை இரவில் ஊரைக் காவல்காக்க டே-யூன் கூடுதல் படை கேட்கிறார். எல்லோரும் சுவோன் நகரப் போராட்டத்தை அடக்கப் போய்விட்டதாகப் பதில் வருகிறது. ராணுவப் பின்னணி கொண்ட சுன் டூ-ஹ்வானின் ஆட்சிக் காலம் அது. வான்வழித் தாக்குதல் ஒத்திகைக்காக ஊர் விளக்கை அணைக்கும் அரசாங்கமே கொலையாளிக்கு இருட்டைத் தயார்செய்து கொடுக்கிறது. 'யார் கொலைகாரன்?' என்று மட்டும் கேட்பவர்கள் தவறவிடும் பதில் இது.

2019-ல் வந்த பதில்

2019 செப்டம்பரில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த தடயப் பொருட்களில் கிடைத்த டி.என்.ஏ., லீ சுன்-ஜே என்ற ஆயுள் கைதியோடு பொருந்தியது. மனைவியின் தங்கையைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதற்காக 1994 முதல் அவர் சிறையில் இருந்தார். ஹ்வாசியோங்கின் பத்துக் கொலைகளையும் சேர்த்து மொத்தம் 14 கொலைகளை ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டக்கெடு 2006-லேயே முடிந்துவிட்டதால் அந்த வழக்குகளில் அவரைத் தண்டிக்க முடியவில்லை. கொலைக் குற்றத்துக்கான கெடுவைத் தென்கொரியா 2015-ல் நீக்கியது. அதுவும் பழைய வழக்குகளுக்கு உதவவில்லை.

அப்போ படத்தின் புதிர் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2003-ல் லீ சிறைக்குள் இருந்தார். சிறுமி பார்த்த அந்த ஆளாக அவர் இருக்க முடியாது. தியேட்டருக்கும் போயிருக்க முடியாது. ஆனால் படம் எதைச் சொன்னதோ, அது நிஜத்தில் வரிக்கு வரி நடந்திருந்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்ட அந்த வழக்கில், லீயும் போலீஸ் விசாரணை வளையத்துக்குள் வந்தவர்தான். கொலையாளியின் ரத்த வகை பி என்று போலீஸ் முடிவுசெய்திருந்தது, லீயுடையது ஓ. விட்டுவிட்டார்கள். காகிதம் சொன்னதை நம்பினார்கள்.

அதே வழக்கில் போலீஸ் 'கண்டுபிடித்த' ஒருவரும் உண்டு. 1988-ல் 13 வயதுச் சிறுமி கொல்லப்பட்டது வரிசையில் எட்டாவது கொலை. அதற்காக, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரை 1989-ல் கைதுசெய்தார்கள். தூங்கவிடாமல், அடித்து, வாக்குமூலம் வாங்கினார்கள். தடயவியல் அறிக்கை ஒன்றும் அவருக்கு எதிராகப் போனது. ஆயுள் தண்டனை, பிறகு குறைக்கப்பட்டு, 20 ஆண்டுகள் கழித்து 2009-ல் பரோலில் வெளியே வந்தார். போங் இந்தப் படத்தை எடுத்தபோதும், அது தியேட்டரில் ஓடியபோதும், அவர் உள்ளேதான் இருந்தார். துணி உறை மாட்டிய பூட்ஸைப் பார்த்துப் பார்வையாளர்கள் சிரித்த அதே நாட்களில்.

எட்டாவது கொலையையும் தான்தான் செய்ததாக லீ ஒப்புக்கொண்ட பிறகு மறுவிசாரணை நடந்தது. 2020 டிசம்பர் 17 அன்று சுவோன் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது. தடயவியல் அறிக்கையில் கடுமையான பிழைகள் இருந்தது வெளிப்பட்டது. போலீஸ் மன்னிப்புக் கேட்டது.

அந்த மறுவிசாரணையில் சாட்சி சொல்ல 2020 நவம்பரில் லீ நீதிமன்றம் வந்தார். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பற்றி அவரிடம் கேட்கப்பட்டது. சிறையில் பார்த்ததாகச் சொன்னார். வெறும் ஒரு சினிமாவாகத்தான் பார்த்தாராம். எந்த உணர்வும் வரவில்லையாம். அவரைப் படம் பிடிக்க ஊடகங்கள் அனுமதி கேட்டிருந்தன. அவர் குற்றம்சாட்டப்பட்டவராக இல்லாமல் சாட்சியாக வந்திருப்பதால் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த முகம் அன்றும் கேமராவுக்குக் கிடைக்கவில்லை.