ஓதச் சதுப்பு நில வாத்து வேட்டைப் படகு

ஓதச் சதுப்பு நில வாத்து வேட்டைப் படகு என்பது கடல் ஏற்ற இறக்கத்திற்கு (ஓதத்திற்கு) உட்பட்ட உவர்ச் சதுப்பு நிலங்களில் காட்டு வாத்துகளை வேட்டையாடப் பயன்படும் சிறு படகு ஆகும். பொதுவாக ஒருவர் அல்லது இருவர் இதில் செல்வர். ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக் கடற்கரையில், குறிப்பாக நியூ ஜெர்சி மாநிலத்தில், 19 ஆம் நூற்றாண்டில் இப்படகுகள் தனி வடிவம் பெற்றன.

இப்படகு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். ஒன்று, வேட்டைக்காரரைப் பறவைகளின் பார்வையிலிருந்து மறைத்தல். மற்றொன்று, அவரைத் திறந்த நீர்ப்பரப்பின் வழியே பாதுகாப்பாகக் கரை சேர்த்தல். முதலாவதற்குத் தாழ்வான படகும், இரண்டாவதற்கு உயர்ந்த பக்கங்களை உடைய படகும் தேவை. இந்த முரண்பாடே படகைத் தெரிவு செய்வதில் உள்ள அடிப்படைச் சிக்கலாகும்.

சூழல்

அத்திலாந்திக் கடற்கரையில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் செல்கின்றன. அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் நீர்மட்டம் சராசரியாக 1.2 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. மணல் தீவுகளால் மூடப்பட்ட பார்னகெட் விரிகுடாவின் உட்பகுதியில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. எனினும் அங்கு நீர் ஆழம் குறைந்தது. காலையில் படகு சென்ற கால்வாய் நண்பகலில் வெறும் சேறாக இருக்கக்கூடும். நீர் வடியும் திசைக்கு எதிராகக் காற்று வீசும்போது அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். ஆகவே ஒரே நாளில் ஒரே படகு ஆழமற்ற நீர், சேறு, அலை ஆகிய மூன்றையும் சந்திக்க நேரிடுகிறது.

ஸ்னீக்பாக்ஸ்

இச்சூழலுக்காக உருவான படகுகளுள் புகழ் பெற்றது பார்னகெட் விரிகுடா ஸ்னீக்பாக்ஸ் ஆகும். இப்பெயருக்கு 'பதுங்கிச் செல்லும் பெட்டி' என்று பொருள் கொள்ளலாம். நியூ ஜெர்சியின் வெஸ்ட் கிரீக் என்னும் ஊரைச் சேர்ந்த ஹேசல்ட்டன் சீமன் 1836 ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார் எனக் கூறப்படுகிறது. இதற்கு முதலில் 'சாத்தானின் சவப்பெட்டி' என்ற பெயரும் இருந்தது.

இதன் நீளம் ஏறத்தாழ 12 அடி (3.7 மீட்டர்), அகலம் 4 அடி (1.2 மீட்டர்). அடிப்பகுதி கரண்டி போல் வளைந்திருக்கும். மேற்பகுதி, ஒருவர் இறங்கும் அளவுள்ள சிறு திறப்பைத் தவிர, முழுவதும் தளத்தால் மூடப்பட்டிருக்கும். தளத்தின் மேல் சதுப்புப் புல்லைப் பரப்பினால் படகு ஒரு புல்மேடு போலத் தோன்றும். துடுப்பு வலித்தும், பாய் கட்டியும், பனிக்கட்டியின் மேல் இழுத்தும் இதனைச் செலுத்தலாம். நத்தானியேல் பிஷப் என்பவர் 1875-76 இல் இவ்வகைப் படகு ஒன்றில் ஒகையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிக்கோ வளைகுடா வரை பயணம் செய்து, அதைப் பற்றி 1879 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

தாழ்வாக இருந்தும் இப்படகு அலையைத் தாங்குவதற்கு அதன் மூடிய தளமே காரணம். தளத்தின் மேல் ஏறும் நீர் உள்ளே புகாமல் வழிந்துவிடுகிறது. எனினும் அலை மிகுந்த விரிகுடாக்களுக்கு இதுவும் போதவில்லை. அத்தகைய இடங்களுக்காக நியூ ஜெர்சியில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெலன்சீட் (முலாம்பழ விதை) என்னும் படகு உருவானது.

பிற வகைகள்

* ஜான் படகு: தட்டையான அடியும் சதுர முன்புறமும் கொண்டது, இக்காலத்தில் பெரும்பாலும் அலுமினியத்தால் செய்யப்படுகிறது. ஆழமற்ற நீரில் நன்கு செல்லும், அதிகச் சுமை ஏற்றலாம். அலையில் அடிப்பகுதி பலமாக மோதும். திறந்த படகாதலால் நீர் எளிதில் உட்புகும்.
* 'வி' வடிவ அடியுடைய படகு: அலையைப் பிளந்து செல்லும். ஆனால் மிதக்கக் கூடுதல் ஆழம் தேவை. சேற்றில் தட்டினால் ஒருபுறம் சாயும்.
* லேஅவுட் படகு: வேட்டைக்காரர் படுத்திருக்கும் மிகத் தாழ்ந்த படகு. நன்கு மறைக்கும், திறந்த நீரில் இதற்குத் துணையாக வேறொரு பெரிய படகு இருத்தல் நன்று.

தெரிவுக் காரணிகள்

சுமை: மிதக்கும் படகு தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. நீர்மட்டத்தில் 3 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டைப் படகு, ஒவ்வொரு 30 கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அமிழும். 90 கிலோகிராம் எடையுள்ள படகில் ஓர் ஆள், போலி வாத்துகள், துப்பாக்கி, பிற பொருள்கள் என 150 கிலோகிராம் ஏறினால், மொத்தம் 8 சென்டிமீட்டர் அமிழும். இரண்டாவது ஆளும் நாயும் ஏறினால் அமிழும் ஆழம் கூடுவதோடு, நீர்மட்டத்திற்கு மேலுள்ள பக்க உயரமும் அதே அளவு குறைகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த பெரும்பாலான விசைப்படகுகளில், ஏற்றத்தக்க பெரும எடையைக் காட்டும் தகடு பொருத்தப்பட வேண்டும்.

எடை: நீர் வடிந்தபின் படகைச் சேற்றில் இழுக்க வேண்டிவரும். தனியே செல்பவர் தம்மால் இழுக்க முடிந்த படகையே கொள்ள வேண்டும்.

நிலைப்பு: அகலமான படகு எளிதில் சாயாது. எழுந்து நின்றால் எடையின் மையம் உயர்கிறது. அந்நிலையில் பக்கவாட்டில் சுட்டால் துப்பாக்கியின் உதைப்பு படகைக் கவிழ்க்கக்கூடும்.

பாதுகாப்பு

வேட்டைக் காலம் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அமைவதால் நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். அந்நீரில் விழுபவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ 1 நிமிடமும், கைகால்கள் பயன்படும் நிலையில் 10 நிமிடங்களும், நினைவு மங்கும் முன் 1 மணி நேரமும் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. உயிர்காப்பு மேலங்கி அணியாத ஒருவர் முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடலாம். மேலங்கியைப் படகில் வைத்திருப்பதை விட அணிந்திருப்பதே பயன் தரும்.

காலையில் அமைதியாக இருக்கும் நீர் மாலையிலும் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ள இயலாது. 1940 நவம்பர் 11 அன்று வீசிய பனிப்புயலில், மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில் வாத்து வேட்டைக்குச் சென்ற பலர் தீவுகளிலிருந்து சிறு படகுகளில் திரும்ப முடியாமல் குளிரில் இறந்தனர். அது ஓதமற்ற ஆறு எனினும், அந்நிகழ்வு சதுப்பு நிலங்களுக்கும் பொருந்தும். ஆகவே வேட்டையாடும் ஓடையின் அளவைக் கொண்டல்லாமல், திரும்பும் வழியில் கடக்க வேண்டிய மிக மோசமான நீர்ப்பரப்பைக் கொண்டே படகின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். மறைப்புப் போதாத படகிற்குப் புல் சேர்த்துக்கொள்ளலாம்; பக்க உயரம் போதாத படகிற்கு நடுநீரில் எதையும் சேர்க்க இயலாது.

சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் (1918) வாத்து வேட்டையைக் கட்டுப்படுத்துகிறது. வேட்டைக்காரரை நீர்மட்டத்திற்குக் கீழே மறைக்கும் அமிழ்பெட்டிகள் 1935 இல் தடை செய்யப்பட்டன. ஸ்னீக்பாக்ஸ் நீரின் மேல் மிதப்பதால் இத்தடைக்குள் வராது. விசைப்படகிலிருந்து சுடுவதாயின் பொறியை நிறுத்தி, அதனால் உண்டான ஓட்டமும் நின்ற பின்னரே சுட வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகள் 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.