பூச்சறிந்து துலக்குதல்

எங்கள் சுவாமிமலை, வார்ப்புத் திருமேனிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். மெழுகால் உருச்செய்து, காவிரி வண்டலால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர் ஸ்தபதிகள். அத்தகைய ஊரினனாகிய நான், ஓர் உலோகப் பொருளைத் துலக்கத் தெரியாமல் கெடுத்த கதையை இன்று சொல்லுகிறேன்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் பயன்படுத்திய ரேசர், அவர் மறைவுக்குப்பின் என்னிடம் வந்தது. மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்னும் மூன்று உறுப்புகள் கொண்டது. கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடே அவர் கண்ட புதுமை. 1903-இல் 51 ரேசர்களே விற்றன. மறு ஆண்டில் 90,000-க்கு மேல் விற்றன. பிளேடு மாறும், ரேசர் நிலைக்கும். எனவே அதனைப் பேணுதல் வேண்டும்.

நானோ குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். வெண்மை மறைந்து மஞ்சள் தெரிந்தது. அண்டை வீட்டு முதிய ஸ்தபதி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வாத்தியார் ஐயா, எங்கள் திருமேனி உள்ளும் புறமும் ஒரே உலோகம். இதுவோ மேலே பூச்சு, உள்ளே பித்தளை. தேய்த்தது திரும்பாதே!" என்றார்.

அவர் சொன்னதே உண்மை. பழைய ரேசர்கள் பல, பித்தளையின்மேல் நிக்கல் பூசப்பட்டவை. அப்பூச்சு தலைமயிரினும் மெல்லியது. சாம்பலின் துகள்கள் அதைச் சுரண்டும். பூச்சு விட்ட இடத்தில் புளியின் அமிலம் பித்தளையைத் தாக்கும்.

உண்மையில் நான் அழுக்கென எண்ணியது யாது? கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் கூடி உண்டான, நீரில் கரையாத வெண்படிவே அது. அதற்கு வன்மை வேண்டுவதில்லை. முதலில் பிளேட்டை, வெட்டாத குறுகிய ஓரங்களைப் பிடித்து அகற்றுக. உறுப்புகளைக் கழற்றி, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிடுக, கொதிக்கவிடலாகாது. பின்பு மென்மையான பல்துலக்கியால் துடைத்து, நல்ல நீரில் அலசி, உலரத் துடைத்து, மரையில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுக. பச்சைக் களிம்பு காணின், அங்கே பூச்சு முன்னமே விட்டதென்று அறிந்து, ஈரம் தங்காமல் காக்க.

பிறர் பயன்படுத்திய ரேசராயின் ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிய பிளேடு இடுக. கல்லீரல் அழற்சி நோய்க் கிருமி குருதி வழியே பரவும். பழைய பிளேடுகளை மூடியுள்ள தகரப் பெட்டியில் சேர்க்க.

என் ரேசருக்கு மீண்டும் பூச்சிடலாம் என்கின்றனர். இடலாம், ஆயினும் அது என் தந்தையார் கைபட்ட பூச்சு ஆகாதன்றோ? அழுக்கை நாளையும் கழுவலாம். தேய்த்துப் போக்கியதை மீட்க இயலாது. ஆகவே, பொருள் எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள், பின்னர்த் துலக்குங்கள்.