இயந்திரங்களின் குரல் – 9: குளிரில் கெட்டிப்பட்ட எண்ணெய்

கனடாவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் அமெரிக்க வட சமவெளியில், ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி, சில சமயம் 30 டிகிரி வரை இறங்கிவிடுவது அபூர்வமான விஷயமன்று. அத்தகைய இரவொன்றை வெட்டவெளியில் கழித்த மோட்டார் வண்டியை விடியற்காலையில் கிளப்ப முற்பட்டால், ஸ்டார்ட்டர் மோட்டார் முனகியபடி மெல்லச் சுழன்று, ஒருவாறு என்ஜின் உயிர்பெற்றவுடன், அதன் தலைப்பகுதியிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசையும், முன்புறத்திலிருந்து சங்கிலி அடித்துக்கொள்ளும் கரகரப்பும், நடுவயிற்றிலிருந்து மந்தமான தட்டலும் ஒருசேரக் கிளம்பிப் பின் ஒவ்வொன்றாக அடங்கும். வண்டிச் சொந்தக்காரர்களில் பலர் இது குளிரின் சுபாவம் என்று விட்டுவிடுகிறார்கள். சிலரோ, சப்தத்தை அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் முன்னிலும் கெட்டியான எண்ணெயை வாங்கி ஊற்றுகிறார்கள். கெட்டி எண்ணெய் குளிர்காலத்துச் சப்தத்துக்குப் பரிகாரமன்று, பல சமயங்களில் அதுவே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயமாகையால், இந்த வாரம் அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

எண்ணெய் என்ஜினுக்குள் செய்யும் காரியம் இன்னதென்று தெளிந்துகொள்வது முதலில் அவசியம். 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டிகளின் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளைப் பரீட்சித்துக்கொண்டிருந்தபோது, பேரிங்கின் உச்சியில் துளைத்த ஒரு துவாரத்தை மரத்தக்கையால் அடைத்தும், அச்சு சுழலச் சுழல அந்தத் தக்கை தானாக மேலெழும்பி வருவதைக் கண்டார். சுழலும் அச்சு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைக் குறுகிய இடுக்குக்குள் இழுத்து, அங்கே பிறக்கும் அழுத்தத்தின்மேல் தானே மிதக்கிறது என்பதை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித ரூபமாக நிரூபித்துக் காட்டினார். ஆகவே, செவ்வையாக ஓடிக்கொண்டிருக்கும் பேரிங்கில் உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. ஆனால் என்ஜின் நின்றதும் எண்ணெயில் பெரும்பகுதி அடியிலுள்ள தொட்டிக்கு வடிந்துபோய், மெல்லிய பூச்சு மட்டுமே மிஞ்சுகிறது. மறுநாள் காலையில் பம்ப் அதை மீண்டும் உறிஞ்சி, பில்டரைக் கடத்தி, குறுகிய வழிகளில் செலுத்தி, உச்சியிலுள்ள வால்வுகள் வரைக்கும் ஏற்றியாக வேண்டும். நாம் கேட்கும் ஓசைகளில் பெரும்பாலானவை இந்த இடைவேளையில் எழுபவை. எண்ணெய் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அந்த இடைவேளையும் நீளும்.

எவ்வளவு கெட்டி என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எஸ்.ஏ.இ. என்று வழங்கும் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911 முதல் எண்ணெய்களை அவற்றின் பாகுத்தன்மையைக் கொண்டு தரம் பிரித்து வருகிறது. டப்பாவின்மேல் '10டபிள்யூ-40' என்று அச்சிட்டிருந்தால், முன்னெண் குளிர்கால நடத்தையையும், பின்னெண் 100 டிகிரி உஷ்ணத்தில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் 10டபிள்யூ எண்ணெய்க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பை, அதே எண்ணெய் கொதிநீரின் உஷ்ணத்தில் இருக்கும் நிலையோடு ஒப்பிட்டால், வித்தியாசம் 500 மடங்குக்கும் அதிகமாகிறது. ஓடும் என்ஜினில் நீர்போல் பாயும் திரவத்தையே அதிகாலையில் அத்தனை மடங்கு தடித்த பாகாகப் பம்ப் இழுக்க வேண்டியிருக்கிறதென்றால், அதன் பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பாட்டரியின் பலமும் அதே குளிரில் குன்றிவிடுவதால், ஸ்டார்ட்டரின் முனகலுக்குக் காரணம் இரட்டிப்பாகிறது.

இனி ஓசைகளுக்கு வருவோம். தலைப்பகுதியின் 'டிக் டிக்' பெரும்பாலும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகளுடையது. 1930-ல் காடிலாக் நிறுவனம் தன் பதினாறு சிலிண்டர் வண்டியில், வால்வு இயக்கத்திலுள்ள இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டே நிரப்பிச் சப்தமின்றி ஓடச் செய்யும் சாதனத்தைப் புகுத்தியது. இன்று அது பல என்ஜின்களில் சர்வசாதாரணம். இரவில் என்ஜின் நிற்கும்போது திறந்த நிலையில் அகப்பட்டுக்கொண்ட வால்வின் ஸ்பிரிங், தன் டாப்பெட்டை அழுத்தி உள்ளிருக்கும் எண்ணெயைப் பிதுக்கிவிடுகிறது; காலையில் அது மீண்டும் நிரம்பும்வரை இடைவெளி இடைவெளியாகவே நின்று தட்டுகிறது. ஒவ்வொரு வால்வும் கிராங்க் ஷாஃப்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே திறப்பதால், இந்த ஓசை என்ஜின் வேகத்தில் சரிபாதி தாளத்தில் கேட்கும். பழகிய காதுக்கு இந்த அடையாளம் ஒன்றே போதும். முன்புறத்துக் கரகரப்பு டைமிங் செயினுடையது: அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதாயின், அழுத்தம் வந்து சேரும்வரை சங்கிலி தொய்ந்து பக்கங்களில் மோதும். மந்தமான தட்டலோ வேறு ஜாதி. அலுமினியம் உஷ்ணத்தில் விரியும் அளவு, சிலிண்டரின் வார்ப்பிரும்பு விரிவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகையால், குளிர்ந்திருக்கையில் அலுமினிய பிஸ்டன் சிலிண்டருக்குள் சற்றே தளர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் மோதுகிறது. என்ஜின் சூடேறி, பிஸ்டன் விரிந்து தன் இடத்தை நிரப்பிக்கொண்டதும் சப்தம் தானே மறையும். அதற்காக எண்ணெயை மாற்றுவது வீண்செலவு.

எண்ணெயைக் கெட்டியாக்கினால் சப்தம் குறையும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? தேய்ந்துபோன பழைய என்ஜின், நன்கு சூடேறிய நிலையில், கெட்டி எண்ணெயில் சற்று அமைதியாக ஓடுவது மெய்யே. தளர்ந்த பேரிங்குகளில் தடித்த படலம் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. அந்த அனுபவத்தைக் குளிர்ந்த காலைக்கும் அப்படியே பொருத்துவதில்தான் பிசகு. அதிலும் அழுத்தமானியை நம்புகிறவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். கெட்டி எண்ணெய் நகர மறுப்பதால் பம்பின் வாயில் அழுத்தம் கிடுகிடுவென்று உயர, அதைத் தணிக்கும் வால்வு திறந்து எண்ணெயில் ஒரு பங்கைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பில்டரின் மாற்றுவழி வால்வும் திறந்துகொண்டு, வடிகட்டாத எண்ணெயை உள்ளே விடக்கூடும். முள் உச்சத்தில் நிற்கும் அதே சமயத்தில், தூரத்திலுள்ள பேரிங் எண்ணெயின்றித் தவிக்கலாம். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விஷயத்தில் பொறியாளர்களே பாடம் கற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1980-81-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தெற்கு டக்கோட்டா மாநிலத்தின் சியூ ஃபால்ஸ் என்னும் ஊரில் பல வண்டிகளின் என்ஜின்கள் எண்ணெய் கிடைக்காமல் பாழாயின. அவற்றில் இருந்ததோ அக்காலத்துப் பரீட்சைகளில் தேறிய எண்ணெய். பரீட்சைச் சாலையில் எண்ணெயைச் சீக்கிரமாகக் குளிர்வித்து அளந்தார்கள். சியூ ஃபால்ஸிலோ அது மெல்ல மெல்லக் குளிர்ந்தது. மார்கழி விடியலில் புட்டிக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயை நாம் அறிவோம். மோட்டார் எண்ணெய் அப்படி முழுவதும் இறுகுவதில்லையாயினும், நிதானமாகக் குளிருங்கால் அதிலுள்ள மெழுகின் அம்சம் நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எண்ணெயைக் கூழ் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பம்ப் தன் வாயருகே உள்ளதை உறிஞ்சிவிட, சுற்றிலுமுள்ள கூழ் சரிந்து வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் அசையாது நின்றுவிடும்; பிறகு பம்ப் இழுப்பது காற்றைத்தான். இதில் கொடுமை என்னவென்றால், இத்தகைய எண்ணெயிருந்தும் என்ஜின் சுலபமாகவே கிளம்பிவிடும். வேகமாகச் சுழலும் பேரிங்கினுள் அந்தப் பின்னல் அறுந்துவிடுவதால் ஸ்டார்ட்டருக்குத் தடை தெரிவதில்லை; தொட்டியில் நிச்சலனமாகக் கிடக்கும் எண்ணெயில் அது அறுவதில்லை. கிளம்பிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு வண்டியை விரட்டியவர்களே அதிக நஷ்டமடைந்திருப்பார்கள்.

இதன்பின் எண்ணெயை ஏறக்குறைய இரண்டு நாள் மெல்லக் குளிர்வித்து, பம்பினால் இழுக்கக்கூடியதா என்று சோதிக்கும் முறை ஏற்பட்டது. என்ஜின் சுழலுமா என்பது ஒரு கேள்வி, எண்ணெய் ஏறுமா என்பது மற்றொரு கேள்வி என்று தனித்தனியே அளக்கிறார்கள். 5டபிள்யூ எண்ணெயாயின் முன்னதைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும், பின்னதை இன்னும் 5 டிகிரி கீழேயும் பார்க்கிறார்கள். எண்ணெய் ஏறாத குளிரில் என்ஜின் கிளம்பவே கூடாது என்ற தயை இந்த 5 டிகிரியில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

எண்ணெயை மாற்றாமல் குளிரையே வெல்ல முயன்றவர்களும் உண்டு. அலாஸ்காவில் விமானம் ஓட்டிய முன்னோடிகள், மாலையில் இறங்கியதும் சூடு ஆறுமுன் என்ஜின் எண்ணெயைப் பாத்திரத்தில் வடித்து, இரவெல்லாம் குடிசைக்குள் அடுப்பருகே வைத்திருந்து, காலையில் மீண்டும் ஊற்றிப் பறந்தார்கள். வடக்கு டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரவாசியான ஆண்ட்ரூ ஃப்ரீமன், என்ஜின் தலையைப் பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றின் ஸ்தானத்தில் மின்சாரச் சூடேற்றி ஒன்றைப் பொருத்தும் உபாயத்துக்கு 1949-ல் காப்புரிமை பெற்றார். இன்று வின்னிபெக் போன்ற ஊர்களில் வண்டிகளின் முகப்பிலிருந்து மின்கம்பி தொங்குவது அந்த வழிவந்த சாதனத்துக்காகவே. ஆனால் அது சூடேற்றுவது பெரும்பாலும் என்ஜினைச் சுற்றியுள்ள குளிர்விப்பு நீரை. தொட்டி எண்ணெய்க்கென்று தனிச் சூடேற்றி பொருத்துவோரும் இருக்கிறார்கள்.

குளிர்தேசத்தில் வண்டி வைத்திருக்கும் வாசகர்கள், வண்டிக் கையேடு அந்தக் குளிருக்கு விதித்த தரத்து எண்ணெயையே ஊற்றி, கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அரை நிமிஷம் காத்திருந்து, பின்னர் சில மைல் நிதானமாகச் செல்வது உத்தமம். டாப்பெட் ஓசையும் சங்கிலி ஓசையும் சில விநாடிகளில் அடங்க வேண்டும். நாளுக்கு நாள் அவை நீண்டுகொண்டே போனால், பில்டரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வையும் டென்ஷனரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சூடேறிய பிறகும் அடங்காமல், பாரம் ஏறுந்தோறும் வலுக்கும் ஆழ்ந்த தட்டல் கேட்குமாயின், அது கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் குரலாக இருக்கக்கூடும். உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள். டீசல் என்ஜினின் குளிர்காலத் தட்டலுக்கு எண்ணெயைவிட எரிபொருள் பற்றிக்கொள்வதில் நேரும் தாமதமே முக்கிய காரணமாகையால், அதை அடுத்த இதழில் தனியே எழுதுகிறேன்.