சுளுக்குக்குச் சீனர் கை வைத்தியம்

விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, நிறைந்த வாளிகளைச் சுமந்து வரும் தொழிலாளிக்கு இடுப்பு வலியும் தோள்பட்டைப் பிடிப்பும் புதியன அல்ல. இவை தீரச் சீன வைத்தியரை நாடுவோர் நம்மவரிலும் உளர்.

19ஆம் நூற்றாண்டில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்த சீனத் தொழிலாளர்கள் தங்கள் மருத்துவத்தையும் உடன் கொணர்ந்தனர். அம்மருத்துவத்தின் ஒரு பிரிவே ‘துய் நா’. ‘துய்’ என்பது தள்ளுதல்; ‘நா’ என்பது பற்றுதல். உள்ளங்கையால் தள்ளுவதும், விரல்களால் பற்றிப் பிசைவதும், புறங்கையை உருட்டி அழுத்துவதும் இதன் முறைகளாம். பயில்வோர் அரிசி மூட்டையின்மீது கையைப் பழக்கிய பின்னரே நோயாளியைத் தொடுவர் என்பர். நம் பாட்டிமார் சுளுக்கு உருவியதை நினைத்துக்கொண்டால் இது அந்நியமாகத் தோன்றாது.

உடலில் ஓடும் ‘சீ’ என்னும் உயிராற்றல் தடைப்படுவதே வலி என்பது சீனர் கொள்கை. உடற்கூற்று நூலார் அந்த ஆற்றலின் வழிகளைக் கண்டாரில்லை. ஆயினும் இறுகிய தசை தளர்வதால் வலி சிறிது காலம் தணிவதுண்டு. நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையில் உடற்பயிற்சியோடு பிடித்துவிடுதலும் இடம் பெற்றது. எனினும் அதற்குரிய சான்று வலுவற்றது என்றும் அந்நிறுவனமே கூறிற்று.

எலும்பு முறிந்த இடத்தில் கை வைக்கலாகாது. விழுந்தபின் காலூன்ற இயலாவிடில் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பின், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைப் பிசைவது உயிருக்கே ஆபத்து. இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் அடங்காது போயின், அன்றே மருத்துவமனைக்குச் செல்க. நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரும், கருவுற்ற மகளிரும் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென 2016இல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வைத்தியர் பதிவு பெற்றவரா எனக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

வேலையில் அடிபட்டவர் முதலில் நிர்வாகத்திடம் தெரிவித்துக் கிளினிக்கில் மருத்துவச் சான்று பெறுவாராக. அச்சான்றின்றி நேரே வைத்தியரிடம் சென்றவருக்கு, பின்னர் சொக்சோவில் இழப்பீடு கோருவது கடினமாகும்.